பன்றித் தீவனத்தில் கரையும் நார்ச்சத்து

2019 ஆம் ஆண்டின் 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்போது நம் நாட்டில் ஏறத்தாழ 90 இலட்சம் பன்றிகள் இருந்தன. அவற்றுள் சுமார் 21 இலட்சம் அசாம் மாநிலத்தில் மட்டும் இருந்தன. வடகிழக்கு மாநிலங்களில் இரண்டு மூன்று பன்றிகளை வீட்டின் பின்புறத்தில் வளர்க்கும் குடும்பங்கள் மிகுதி. தவிடு, சேப்பங்கிழங்கின் இலை, சர்க்கரைவள்ளிக் கொடி, அரிசி மது வடித்த சக்கை ஆகியவற்றை வேகவைத்துக் கொடுப்பது அங்குள்ள வழக்கம். இத்தீவனத்தில் நார்ச்சத்து அதிகம். அது நன்மையா, தீமையா என்பது நார் எவ்வகையைச் சேர்ந்தது, உண்ணும் பன்றியின் வயது என்ன என்னும் இரண்டையும் பொறுத்தது.

பன்றிக்கு மாட்டைப் போல அசைபோடும் வயிறு இல்லை. மாவுச்சத்தை அமைலேஸும், புரதத்தைப் பெப்சினும் டிரிப்சினும், கொழுப்பை லைப்பேஸும் சிதைக்கின்றன. நாரைச் சிதைக்கும் நொதி எதனையும் அதன் உடல் சுரப்பதில்லை. உமியில் உள்ளது போன்ற கரையாத நார் பெரும்பாலும் சிதையாமலே வெளியேறிவிடும். கரையும் நாரின் போக்கு வேறு. வெந்தயத்தை நீரில் ஊறவைத்தால் வழவழப்பாவதைக் காண்கிறோம். கொத்தவரை விதையின் பிசினும், வாற்கோதுமையில் உள்ள பீட்டா குளுக்கானும், பழத்தோலில் உள்ள பெக்டினும் அவ்வாறே குடலில் குழைகின்றன.

இக்குழைவே சிக்கலுக்குக் காரணம். நொதி செயற்பட வேண்டுமாயின் உணவுத் துகளை அது தொட வேண்டும். சிறுகுடலில் உள்ள கூழ் கெட்டியானால் நொதியும் பித்தநீரும் அதனுள் பரவுவது தாமதமாகிறது. சிதைந்த சத்துக்கள் குடற்சுவரை அடைவதும் தாமதமாகிறது. கொழுப்பின் செரிமானமே பெரும்பாலும் முதலில் குறைகிறது. கணையம் சில வேளைகளில் கூடுதலாகச் சுரந்து இதனை ஈடுசெய்ய முயலும். ஆனால் நொதியும் குடலின் சளியும் புரதத்தால் ஆனவை. மிகையான சுரப்பு உடலின் புரதத்திற்குச் செலவாகும். பால்குடி மறந்த குட்டியிடம் இதற்கு வசதியில்லை. பிரிந்த முதல் வாரத்தில் அதன் கணைய நொதிகள் இயல்பாகவே குறைந்திருக்கும். அச்சமயத்தில் பிசுபிசுப்பான தீவனம் வளர்ச்சியைத் தடுக்கும், கழிச்சலுக்கும் இடமளிக்கும்.

பெருங்குடலை அடைந்ததும் நிலைமை மாறுகிறது. அங்கு உணவு ஒரு நாளுக்கு மேலும் தங்குவதுண்டு. நுண்ணுயிரிகள் கரையும் நாரை நொதிக்கச் செய்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு முக்கிய எரிபொருள். மற்றவை குருதியில் கலந்து உடலுக்கு ஆற்றல் தருகின்றன. எனினும் அதே அளவு மாவுச்சத்து சிறுகுடலில் குளுக்கோஸாகச் செரித்திருந்தால் கிடைக்கும் ஆற்றலை விட இது குறைவே. பெருங்குடல் நன்கு வளர்ந்த தாய்ப்பன்றிக்கே இதனால் ஆதாயம் அதிகம். 114 நாள் சினைக்காலத்தில் கொழுத்துவிடாதபடி அதற்கு அளந்தே தீவனம் இடுகிறோம். கரையும் நார் வயிற்றை நிறைத்துப் பசியின் தவிப்பைக் குறைக்கிறது.

அலுவலர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தீவனப் பைகளில் அச்சிடப்படும் 'கச்சா நார்' என்னும் அளவு, பொருளை அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்து எஞ்சியதை நிறுத்துக் காண்பது. 19 ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் உருவான முறை இது. கரையும் நாரின் பெரும்பகுதி அக்கொதிப்பிலேயே மறைந்து, எளிதில் செரிக்கும் மாவுப்பொருளின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே கச்சா நார் குறைவு என்பதனாலேயே ஒரு தீவனம் குட்டிக்கு ஏற்றதாகிவிடாது.

2020 ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்ட பின், உணவகக் கழிவை இடுவதன் ஆபத்து தெளிவாயிற்று. இலைதழைகளின் தேவை இதனால் கூடுகிறது. கொடியையும் கிழங்கையும் சினைப்பன்றிக்கும் முதிர்ந்த பன்றிக்கும் முதலில் ஒதுக்கலாம். குட்டிக்கு அரிசிக் குருணை, மக்காச்சோளம் போன்ற எளிதில் செரிக்கும் தானியமே அடிப்படையாக இருக்கட்டும். பால் மறந்து சில வாரங்கள் சென்றபின் தழையைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வாற்கோதுமை மலிவாகக் கிடைக்கும் இடங்களில் பீட்டா குளுக்கனேஸ் நொதியைத் தீவனத்துடன் கலந்தால் கூழின் பிசுபிசுப்பு குறையும். ஆனால் அதன் விலை இரண்டு பன்றி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகுமா என்பதைக் கணக்கிட்ட பிறகே பரிந்துரைக்க வேண்டும்.