ட்ராக்ல வண்டி மோதினா பில் யாருக்கு? ஒரு கிட் கார் கணக்கு

ட்ராக் டேன்னா ரேஸ் இல்லைங்க. ரேஸ் ட்ராக்கை ஒரு நாளைக்கு எடுத்து, பணம் கட்டினவங்க எல்லாம் சொந்த வண்டியை அதுல ஓட்டிப் பார்க்கிற நாள். கப் கிடையாது, எதிர்ல வர்ற லாரி கிடையாது. இங்கிலாந்துல இது பெரிய பொழுதுபோக்கு. நம்ம பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்லயும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேலயும் இந்த மாதிரி நாட்கள் நடக்குது. சம்பளத்துல முதல் பெரிய பைக் வாங்கின பசங்க நிறைய பேர் போறாங்க. போகக் கூடாதுன்னு சொல்ல வரலை. நாலு சுவருக்குள்ள, ஹெல்மெட்டோட, ஆம்புலன்ஸ் பக்கத்துல நிக்க ஓட்டுறது ஈ.சி.ஆர்ல ராத்திரி பறக்குறதை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனா விழுந்தா காசு யார் கொடுப்பாங்கங்கிற கேள்விக்கு நிறைய பேர்கிட்ட பதில் இல்லை. வீடியோல மேலோட்டமா சொன்னதை இங்க கணக்கோட பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு இங்கிலாந்து கிட் காரை எடுத்துக்கறேன், ஏன்னா அதுல எல்லா ஓட்டையும் பளிச்சுன்னு தெரியும்.

கிட் கார்னா பாகங்களை டப்பா டப்பாவா வாங்கி வீட்டு கேரேஜ்ல நீங்களே மாட்டிக்கிற கார். 1957-ல வந்த லோட்டஸ் செவன் இதுல ரொம்பப் பிரபலம். அது கிட்டா வித்ததுக்குப் பின்னாடி ஒரு வரி சமாச்சாரம் இருக்கு. முழுக் காரா வாங்கினா அந்த ஊர்ல பர்ச்சேஸ் டாக்ஸ் கட்டணும், பாகங்களா வாங்கி நீங்களே மாட்டினா கட்ட வேண்டாம். டாக்ஸ் பிளானிங் நம்ம ஊர்க்காரங்க மட்டும் கண்டுபிடிச்சது இல்லைங்க! 1973-ல அந்த வரி போய் வாட் வந்துச்சு, சலுகையும் போச்சு. அதே வருஷம் கேட்டர்ஹாம் கம்பெனி அந்த டிசைனைத் தன் கைக்கு எடுத்துச்சு, இன்னைக்கும் கிட்டா விக்குது. எடை நம்ம சின்ன ஹேட்ச்பேக்ல பல வண்டிகளை விடக் குறைவு. ஏர்பேக் கிடையாது, பெரும்பாலும் ஏ.பி.எஸ்ஸும் கிடையாது.

இப்போ கணக்குக்காக ஒருத்தரைக் கற்பனை பண்ணிக்கோங்க. பாகங்கள், பெயின்ட், ரோட்டுக்குக் கொண்டு வர்றதுக்கு முன்னாடி அரசாங்கம் வைக்கிற ஐ.வி.ஏ டெஸ்ட், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து 27,000 பவுண்டு செலவு பண்ணியிருக்கார். அது போக, சனி ஞாயிறுகள்ல 150 மணி நேரம் உழைப்பு. மழை பெய்ஞ்ச ட்ராக், மூணாவது ரவுண்டு, ஆக்ஸிலரேட்டர்ல கால் கொஞ்சம் சீக்கிரம் போகுது. வண்டி சுத்தி, புல்லுல வழுக்கி, பேரியர்ல பக்கவாட்டா மோதுது. அவருக்கு ஒரு கீறல் இல்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. தலைப்பாகை விலை 7,500 பவுண்டு. சஸ்பென்ஷன், ரேடியேட்டர், ஃபைபர் மூக்கு போச்சு, சேஸிஸ்ல ரெண்டு குழாய் வளைஞ்சிருச்சு.

அவர்கிட்ட ரோடு இன்சூரன்ஸ் இருக்கு. ஆனா அங்கே சாதாரண கார் பாலிசிகள்ல பெரும்பாலும் ட்ராக் கவர் ஆகாது. அதுக்கு ஒரு நாள் பாலிசின்னு தனியா வாங்கணும். அதுல ‘எக்ஸஸ்’னு ஒண்ணு உண்டு, அதாவது முதல்ல உங்க பாக்கெட்லேர்ந்து போற தொகை. ரோடு பாலிசில அது சில நூறு பவுண்டுதான். ட்ராக் பாலிசில வண்டி மதிப்புல 10 சதவீதம்னு வைக்கிறது சகஜம். நம்ம ஆள் அதை வாங்கியிருந்தா 2,700 அவர் கையிலேர்ந்து, 4,800 கம்பெனியிலேர்ந்து. வாங்கலைன்னா 7,500-ம் அவர் தலைலதான். பேரியரை வளைச்சதுக்கு ட்ராக்காரங்க பில் போட்டா அது தனி. ஜெர்மனில நூர்பர்க்ரிங்னு 20 கிலோமீட்டருக்கு மேல நீளமான ட்ராக் இருக்கு, டிக்கெட் வாங்கிட்டு யார் வேணும்னாலும் ஓட்டலாம். அங்கே மோதினா வளைஞ்ச தகடு, இழுத்துட்டுப் போற வண்டி எல்லாத்துக்கும் பில் வரும். பேரியர் சேதத்தைப் பாலிசி கொடுக்குமான்னு வாங்கும்போதே கேட்டுக்கறது அதுக்குத்தான்.

கிட் கார்ல இன்னொரு சிக்கல் இருக்கு. இந்த வண்டியோட விலை என்ன? ஷோரூம் விலைன்னு ஒண்ணு இல்லை. நீங்க கொட்டின 150 மணி நேரத்துக்கு, முன்னாடியே பேசி எழுதி வாங்கலைன்னா, ஒரு பைசா வராது. அதனால அங்கே கிட் கார் கட்டுறவங்க ‘அக்ரீட் வேல்யூ’ பாலிசி எடுப்பாங்க. இந்த வண்டி இவ்வளவு பெறும்னு ரெண்டு பேரும் முதல்லயே ஒப்புக்கறது. அதுக்கு ஆதாரம் பில்லும் போட்டோவும்தான். ஒவ்வொரு நட்டுக்கும் பில் வச்சிருக்கிற மனுஷனைப் பார்த்துச் சிரிப்போம், ஆனா பில் இல்லாதவர் மோதினப்புறம் ‘என் வண்டி 27,000 பெறும்’னு சொன்னா அது வெறும் பேச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். இங்க கிட் கார் கட்டி ரோட்டுக்குக் கொண்டு வர்றது கிட்டத்தட்ட நடக்காத காரியம், சட்டம் அவ்வளவு இறுக்கம். ஆனா அக்ரீட் வேல்யூ பிரச்சினை உங்க பைக்லயே இருக்கு. ஐ.டி.வின்னு பாலிசில ஒரு தொகை போட்டிருக்கும் பாருங்க, அது கம்பெனி விலைல தேய்மானம் கழிச்சது. ஆறு மாசம் தாண்டினா 15 சதவீதம், ஒரு வருஷம் தாண்டினா 20, ரெண்டு தாண்டினா 30. நீங்க 80,000 ரூபாய்க்கு எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன், கிராஷ் கார்டு மாட்டியிருந்தா, பாலிசில சொல்லி பிரீமியம் கட்டாத வரைக்கும் கம்பெனி கணக்குல அது இல்லவே இல்லை.

அதை விட முக்கியமானது, பாலிசி பேப்பர்ல ‘வண்டியை எதுக்குப் பயன்படுத்தலாம்’னு இருக்கிற வரி. ரேஸ், ஸ்பீடு டெஸ்டிங், பேஸ் மேக்கிங், ரிலையபிலிட்டி ட்ரையல் இதுக்கெல்லாம் கவர் இல்லைன்னு நம்ம மோட்டார் பாலிசில நேரடியாவே இருக்கும். ‘ட்ராக் டே ரேஸ் இல்லையே’ன்னு வாதாடலாம்தான். ஆனா ட்ராக்ல வேகமா ஓட்டிப் பார்த்ததை ஸ்பீடு டெஸ்டிங் இல்லைன்னு நிரூபிக்கிற வேலை கிளெய்ம் நிராகரிச்சப்புறம் உங்க தலைல விழும். ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் பர்சனல் ஆக்ஸிடென்ட் கவரை மோட்டார் பாலிசியோட சேர்த்து வாங்கியிருந்தா, அதுக்கும் இதே தலைவலி.

இங்கதான் நண்பர் ஒருத்தர் ஐடியா கொடுப்பார்: ‘ரோட்ல விழுந்தேன்னு போட்டுடு மச்சி.’ அது கிளெய்ம் இல்லை, மோசடி. நம்பர் பிளேட் கழட்டி, கண்ணாடி கழட்டி, லைட்டுக்கு டேப் ஒட்டின வண்டியைப் பார்த்தா சர்வேயருக்குப் புரியாதா? போதாக்குறைக்கு காலையில போட்ட ரீல்ஸ் வேற.

உடம்புக்கு வருவோம். இங்கிலாந்துக்காரருக்கு என்.எச்.எஸ் ஆஸ்பத்திரில பில் இல்லை. நமக்கு உண்டு. பைக்லேர்ந்து விழுந்தா காரை எலும்பு உடையறது சகஜம், பிளேட் வச்சு ஆபரேஷன் பண்ணா தனியார் ஆஸ்பத்திரில லட்சத்தைத் தொடலாம். இதுல ஒரு நல்ல செய்தி: ஹெல்த் இன்சூரன்ஸ் விலக்குகளுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019-ல கொண்டு வந்த பொது வாசகத்துல, மோட்டார் ரேஸிங் உள்ளிட்ட சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு ‘தொழில்முறையா’ கலந்துக்கறவங்களுக்குன்னுதான் இருக்கு. பொழுதுபோக்குக்குப் போனவர் அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கலாம். தனியா வாங்கற பர்சனல் ஆக்ஸிடென்ட் பாலிசிகள் அப்படி இல்லை. பலதுல ரேஸிங்குக்கு விலக்கு பொதுவாவே இருக்கும். டெர்ம் பிளான் எடுக்கும்போது ஆபத்தான பொழுதுபோக்கு உண்டான்னு கேட்பாங்க, அங்க உண்மையை எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, வீட்ல இருக்கிறவங்க அப்புறம் கம்பெனியோட மல்லுக்கட்ட வேண்டாம்.

யாரும் கணக்குல சேர்க்காத பில் சம்பளம். 60,000 ரூபாய் வாங்கறவர் ஆறு வாரம் கையைத் தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்தா, லீவ் பேலன்ஸ் 15 நாள்தான் இருந்தா, மீதி கிட்டத்தட்ட நாலு வாரத்துக்கு லாஸ் ஆஃப் பே. கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம் போச்சு. வொர்க் ஃப்ரம் ஹோம் இருக்கிற ஐ.டி ஆளுங்க ஒத்தைக் கையில சமாளிக்கலாம், பிளான்ட்ல வேலை பார்க்கிறவர் முடியாது. பைக்கும் ஓடாது, பைக் ஈ.எம்.ஐ மட்டும் ஓடும்.

அதனால என்னோட அளவுகோல் இது. வண்டிமேல லோன் பாக்கி இருக்கிற வரைக்கும் அதை ட்ராக்குக்குக் கொண்டு போக வேண்டாம். ட்ராக்காரங்களோ டிரெய்னிங் ஸ்கூலோ வண்டி வாடகைக்குக் கொடுத்தா அதை எடுங்க, விழுந்தா அதிகபட்சம் எவ்வளவு கட்டணும்னு எழுத்துல கேட்டுட்டு எடுங்க. லோன் முடிஞ்ச சொந்த வண்டின்னா, முழு ரிப்பேர் செலவும் ஒரு மாசச் சம்பளமும் சேர்த்து எமர்ஜென்சி ஃபண்டுக்கு வெளியில தனியா இருக்கணும். எமர்ஜென்சி ஃபண்டு அம்மா ஆஸ்பத்திரிக்கும் வேலை போறதுக்கும்தான். நீங்களே தேதி குறிச்சு, ஃபீஸ் கட்டிப் போற இடத்துல வர்ற செலவுக்கு அதுல கை வைக்காதீங்க.

போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி மோட்டார், ஹெல்த், ஆக்ஸிடென்ட் மூணு கம்பெனிக்கும் ஒரே மெயில் போடுங்க: ‘இந்தத் தேதியில, இந்த ட்ராக்ல, போட்டி இல்லாத பயிற்சி நாள்ல கலந்துக்கறேன், எனக்கு கவர் உண்டா?’ கஸ்டமர் கேர்ல போன்ல ‘உண்டு சார்’னு சொல்றதை நம்பாதீங்க. மெயில்ல வந்த பதிலை பாலிசி ஃபைல் கூடவே சேவ் பண்ணி, வீட்ல ஒருத்தருக்கும் ஃபார்வர்ட் பண்ணி வைங்க.