வங்கீச தேரரும் உள்ளெழும் வாக்கும்



கவி பாடுவோரைத் தமிழ்ப் பாட்டியல் நூலார் ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைப்படுத்தினர். பாலி மொழியிலுள்ள அங்குத்தர நிகாயத்திலும் நான்கு கவிகள் எண்ணப்பட்டுள்ளனர். எனினும் இவ்விரு பகுப்பும் ஒன்றல்ல. தமிழ்ப் பகுப்பு பாடலின் வகையையும் பாடுவோன் திறத்தையும் நோக்கியது. பாலிப் பகுப்போ சொல் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை நோக்கியது. எண்ணி எண்ணிப் புனைவோன் சிந்தாகவி. பிறர்பால் கேட்டதைக்கொண்டு பாடுவோன் சுதகவி. ஒரு பொருளைப் பற்றி நின்று விரிப்போன் அத்தகவி. அக்கணமே தன் உள்ளத்தில் ஒளிர்ந்ததைப் பாடுவோன் படிபானகவி. இந்நான்காமவனுக்கு நம் ஆசுகவி ஓரளவே ஒப்பாவான். ஆசுகவியின் பெருமை விரைவில் உள்ளது. பிறர் கொடுத்த பொருளில், கொடுத்த யாப்பில், கேட்ட நொடியில் பாடிக் காட்டுதல் அவன் வல்லமை. படிபானம் என்னும் சொல்லோ எதிரே ஒளிர்ந்து தோன்றுதலைக் குறிப்பது. தோன்றியது யாது, அது மெய்யா என்னும் வினா அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது.

பகவன் புத்தர் தம் சீடருள் படிபானம் உடையோரில் தலையாயவர் என்று குறித்தது வங்கீச தேரரை. சம்யுத்த நிகாயத்தில் அவர் பெயராலேயே 12 சூத்திரங்கள் கொண்ட ஒரு பகுதி அமைந்துள்ளது. தேரகாதையின் இறுதிப் பகுதியும் அவர் வாக்கே. பாட்டெழுதும் விருப்பமுடைய இளைஞர் நம் சங்கத்தில் பலராதலின், அவர் வரலாற்றை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

துறவுக்கு முன் வங்கீசர் செய்த தொழில் விந்தையானது. தம்மபத உரை கூறும் கதை இது: இராசகிருகத்தில் வாழ்ந்த இவர், இறந்தோரின் மண்டையோட்டை விரலால் தட்டிப் பார்த்து, அவர் மறுபிறப்பு எவ்விடத்தது என்று கூறுவாராம். அந்தணர் சிலர் இவரை ஊர் ஊராய் அழைத்துச் சென்று, மக்களிடம் பொருள் பெற்றுவந்தனர். பகவன் இவர்முன் ஐந்து மண்டையோடுகளை வைத்தார். நரகத்திற் பிறந்தோன், விலங்காய்ப் பிறந்தோன், மானிடன், தேவன் என நான்கைத் தட்டிச் சரியாகவே கூறினார். ஐந்தாவது ஓர் அருகதருடையது. அதனைத் தட்டினார், ஒன்றும் தோன்றவில்லை. அறிந்திலையோ என்று பகவன் வினவ, அறியேன் என்றார்.

அந்த ஒரு சொல்லை நான் பெரிதும் மதிக்கின்றேன். கூட்டம் சூழ்ந்து நிற்கின்றது. கூலி கொடுப்போர் பக்கத்தில் நிற்கின்றனர். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருப்பின் மறுப்பார் யார்? தோன்றாததைத் தோன்றியதாகக் கூறாத அந்த நேர்மையே பின்னர் அவரைக் கவியாக்கிற்று என்பது என் துணிபு. அந்த ஓட்டின் மந்திரத்தைக் கற்கவே அவர் சீவரம் உடுத்தார். சில நாளில் வருவேன், காத்திருங்கள் என்று தம்மை அழைத்து வந்தோரிடம் சொல்லிச் சென்றார். உடலின் 32 கூறுகளைச் சிந்திக்கும் பயிற்சி அவருக்கு அளிக்கப்பட்டது. காத்திருந்தோர் வெறுங்கையுடன் திரும்பினர். அந்நாளில் கவி மயக்கத்தில் ஊர்தொறும் திரிந்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார்.

இனி, இப்பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். ஆளவி நகரத்தருகே அக்காளவம் என்னும் சேதியத்தில் தம் உபாத்தியாயர் நிக்ரோதகப்பருடன் இவர் வாழ்ந்த காலத்தில் நிகழ்ந்த மூன்று செய்திகளைச் சம்யுத்தம் முதலில் வைக்கின்றது. புதுத் துறவியாகிய இவரை விகாரத்தைக் காக்கும்படி விட்டுச் சென்றனர். அழகுற அணிந்த பெண்டிர் பலர் விகாரத்தைக் காண வந்தனர். இவர் மனம் கலங்கிற்று. இதனைப் பிறர் யார் வந்து நீக்குவார், நானே நீக்கிக்கொள்வேன் என்று எண்ணி, அதனையே பாடினார். அடுத்து, ஆசிரியர் உண்டபின் அறைக்குள் சென்றால் மாலையிலோ மறுநாளோதான் வெளிவருவார். தனிமையில் இவருக்குத் துறவில் சலிப்புத் தோன்றிற்று. அதனையும் பாடினார். மூன்றாவது, தம் கவித்திறத்தால் செருக்குற்று, நல்லொழுக்கமுடைய பிற பிக்குகளை உள்ளத்தால் இகழ்ந்தார். இதனை உணர்ந்தவுடன் தம்மைத் தாமே கடிந்து பாடினார்.

நேயர்களே, இதனைச் சற்று நின்று எண்ணுங்கள். இம்மூன்றும் உள்ளத்துள் நிகழ்ந்தவை. ஒருவர் கண்ணுக்கும் தெரியாதவை. மறைத்திருந்தால் மறைந்தே போயிருக்கும். நம்முள் சிலர் உள்ளத்தில் எழுவதெல்லாம் உயர்ந்தது, அதனை அப்படியே வெளியிடுதலே உண்மை வாழ்வு என்கின்றனர். வேறு சிலர் உயர்ந்தவற்றை மட்டும் எழுதி, இழிந்தவற்றைப் பெட்டியில் பூட்டுகின்றனர். வங்கீசர் இவ்விரு வழியும் செல்லவில்லை. எழுந்தது காமமாயின் காமம் என்றே பெயரிட்டார். செருக்காயின் செருக்கு என்றார். பெயரிட்டபின் அதற்குக் கீழ்ப்படியவுமில்லை. சாவத்தி நகரில் ஆனந்தருடன் பிச்சைக்குச் சென்றபோது மீண்டும் ஆசை எழவே, இத்தீயை அவிப்பது எவ்வாறு என்று நடுத்தெருவில் அவரிடமே பாட்டால் கேட்டுவிட்டார்!

இன்னொரு செய்தி. சேதவனத்தில் பகவன் 1250 பிக்குகளுடன் எழுந்தருளியிருந்தபோது வங்கீசர் பாடினார். இப்பாடல்கள் முன்னரே புனைந்தவையோ, இப்போதே தோன்றினவோ என்று பகவன் வினவினார். இப்போதே தோன்றின என்றார். ஆயின் அவ்வாறு தோன்றுவன இன்னும் தோன்றுக என்று பகவன் அருளினார். இவர் ஓதுவதுமில்லை, தியானிப்பதுமில்லை, பாட்டுக் கட்டித் திரிகின்றார் என்று பிக்குகள் சிலர் முணுமுணுத்தனர் என்றும், அதனை நீக்கவே பகவன் அவ்வாறு வினவினார் என்றும் உரைகாரர் கூறுவர். இம்முணுமுணுப்பு இன்றும் ஓயவில்லை. பாட்டெழுதும் பிள்ளையைக் கண்டால் வீட்டார் கூறுவதும் இதுவே.

ஆயினும் வங்கீசர் தோன்றியவுடன் பாடிவிடுவதில்லை. எழுந்து, மேலாடையை ஒரு தோளில் அமைத்து, கைகூப்பி, எனக்கு ஒன்று தோன்றுகின்றது என்பார். தோன்றுக என்று பகவன் இசைவு தருவார். அதன்பின்னரே பாட்டு. வாக்குக்குரிய நான்கு இலக்கணங்களைப் பகவன் போதித்ததும் இவர் முன்னிலையில்தான். வாக்கு நன்கு சொல்லப்பட்டதாயிருத்தல் வேண்டும், அறமாயிருத்தல் வேண்டும், இனியதாயிருத்தல் வேண்டும், மெய்யாயிருத்தல் வேண்டும்.

கூலிக்குப் பாடுதல் பற்றி ஒரு கேள்வி எழும். எங்கள் ஞாயிறு வகுப்பில் ஓர் இளைஞர் கேட்டார்: “ஐயா, ஒரு செல்வர் தம் மணிவிழாவுக்குப் புகழ்ப்பாட்டு எழுதித் தரச் சொல்கிறார். பணமும் தருவார். வீட்டில் முடை மிகுதி. எழுதினால் என் உள்ளத்துக்கு நான் பொய்யனாவேனா?”

மகத நாட்டில் ஏகநாளம் என்னும் ஊரில் 500 ஏர் பூட்டி உழுத பாரத்துவாசன் கதையை அவருக்குச் சொன்னேன். உழுது உண்ணும்படி பகவனை அவன் இடித்துரைத்தான். யாமும் உழுகின்றோம் என்று பகவன் பாட்டால் விடை தந்தார். மகிழ்ந்தவன் பாற்சோற்றை நீட்டினான். பாடிப் பெற்ற உணவை உண்ணோம் என்று பகவன் மறுத்துவிட்டார். இளைஞர் முகம் வாடியது. “தம்பி, அது ததாகதர் நெறி. நீர் இல்லறத்தார். கை உழைப்பை விற்கும் நாம் சொல் உழைப்பை விற்றலும் குற்றமன்று. நீர் பார்க்க வேண்டியது அந்த நான்காம் இலக்கணத்தை” என்றேன்.

நெசவாலையில் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுவோம். கஞ்சியின்றேல் தறியில் இழை அறும். ஆதலின் அது வேண்டியதே. மட்டமான துணிக்குக் கனம் காட்டவும் கஞ்சி ஏற்றுவதுண்டு. அத்துணி கடையில் விறைப்பாய் நிற்கும்; முதல் வெளுப்பில் சல்லடையாகும். யாப்பும் அணியும் முதல்வகைக் கஞ்சி. இல்லாத குணத்தைப் பாடுதல் இரண்டாம் வகை. அவ்விளைஞர் செல்வரின் தெருவிற்குச் சென்று விசாரித்தார். கோடையில் தம் கிணற்றைத் தெருவார் அனைவருக்கும் திறந்துவிட்டவர் அச்செல்வர் என்று அறிந்தார். கிணற்றைப் பற்றி மட்டும் எட்டு அடி எழுதினார். செல்வர் எதிர்பார்த்தது நாற்பது அடி. ஆதலின் பணமும் குறைந்தது.

புகழ்ப்பாட்டைப் பற்றிப் பேசியதால் இதனையும் கூறவேண்டும். வங்கீசரும் சாரிபுத்தரையும் கொண்டஞ்ஞரையும் மொக்கல்லானரையும் புகழ்ந்து பாடியவரே. ஆனால் தம் ஆசிரியர் நிக்ரோதகப்பர் ஆளவியில் மறைந்தபோது அவர் புகழ்மாலை தொடுக்கவில்லை என்பதைச் சுத்தநிபாதத்தில் காண்கின்றோம். ஆசிரியர் உண்மையில் விடுதலை எய்தினாரா, பற்று எஞ்சி நின்றதா என்னும் ஐயம் அவருக்கு இருந்தது. அன்பால் அதனை மூடிவிடாமல் பகவனிடம் சென்று கேள்வியாகவே பாடினார். அவர் வேட்கையை அறுத்து அக்கரை சேர்ந்தார் என்று பகவன் விடையளித்தார். தம் ஆசிரியர் சொன்னவாறே செய்தவர் என்று வங்கீசர் மகிழ்ந்து பாடியது அதன் பின்னரே.