புதிய ஊழியரும் பதிவேட்டின் முதல் வரியும்

ஒருவரைச் சங்க வேலையில் சேர்க்கும்போது அவருடைய கைத்திறனை நாம் நன்கு கவனிக்கிறோம். பாவு ஓட்டத் தெரியுமா, கணக்கு எழுதத் தெரியுமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் வேலைக்குரிய வயது அவருக்கு நிறைந்ததா, பெயரும் பிறந்த தேதியும் பிழையின்றிப் பதிவாயினவா என்பவற்றைக் குமாஸ்தாவின் பொறுப்பென்று விட்டுவிடுகிறோம். இவ்விரண்டையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலாவது வயது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது. 14 முதல் 18 வயதுக்குட்பட்டவரைச் சுரங்கம், வெடிமருந்து முதலாக ஆபத்தானவையெனச் சட்டம் பட்டியலிட்ட வேலைகளில் அமர்த்தலாகாது. இரசாயனம் புழங்கும் பட்டறைக்கு ஆள் எடுக்குமுன் அப்பட்டியலைப் பார்த்துவிடுதல் நலம். சட்டத்தை மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ. 20,000 முதல் ரூ. 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பெற்றோருக்குப் பிள்ளை உதவச் சட்டம் இடமளிக்கிறது. அச்சலுகை வீட்டுத் தறிக்கே உரியது. சங்கத்தின் தறிக்கூடத்திற்குப் பொருந்தாது.

வறுமையின் காரணமாகப் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லும் பெற்றோரும் உளர். இரக்கத்தால் பத்திரம் பாராமல் சேர்த்துக்கொண்டால், நாம் அக்குடும்பத்திற்கு உதவியவராக மாட்டோம். அப்பிள்ளையின் படிப்பைப் பறித்தவராவோம்.

வயதுக்கு எது சான்று? ஆதார் அட்டை ஆளை அடையாளங் காட்டும். பிறந்த தேதியை மெய்ப்பிக்காது. 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி நிறுவனம், பிறந்த தேதிக்குரிய சான்றுகளின் வரிசையிலிருந்து ஆதாரை நீக்கிற்று. அவ்வாண்டு அக்டோபரில், ஒரு வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்கில், உச்ச நீதிமன்றமும் ஆதாரை விடுத்துப் பள்ளிச் சான்றிதழையே ஏற்றது. ஆகவே பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழைக் கேட்க வேண்டும். மூலத்தைக் கண்ணால் பார்த்து, நகலை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத்தை அன்றே திருப்பித் தருக.

தெரிந்தவர் மகனென்று ஒருவரை விட்டுவிடுவதும், வெளியூராரென்று மற்றொருவரைத் துருவுவதும் கூடா. விதி யாவர்க்கும் ஒன்றே.

இரண்டாவது பெயர். செல்வி என்னும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் 'மு. செல்வி', ஆதாரில் 'செல்வி முருகன்', மணமான பின் வங்கிக் கணக்கில் 'செல்வி குமார்'. மூவரும் ஒருவரே என்பதை ஊர் அறியும், பதிவேடு அறியாது. பல ஆண்டு உழைத்துச் சேர்த்த வைப்பு நிதியைப் பெற வரும் நாளில் இம்மூன்று பெயர்களும் குறுக்கே நிற்கும். நம் முதலெழுத்தைக் குடும்பப் பெயரென்று எண்ணி விரித்தெழுதுவதே இக்குழப்பத்திற்குப் பெரும்பாலும் காரணம். சேரும் நாளிலேயே பத்திரங்களை ஒப்பிட்டு, வேற்றுமை இருந்தால் அவரைக்கொண்டு திருத்தச் செய்ய வேண்டும். 4-8 என்பதை 8-4 என மாற்றியெழுதும் பிழையைத் தவிர்க்க, மாதத்தை எழுத்தால் எழுதுக.

வைப்பு நிதியில் ஒருவருக்கு ஒரே நிரந்தர எண் என்னும் ஏற்பாடு 2014-இல் வந்தது. முன்பு வேறிடத்தில் உழைத்தவரிடம் அவ்வெண்ணைக் கேட்டுப் பெறுக. புதிதாக மற்றோர் எண் வாங்கினால் பழைய சேமிப்பு தனியே கிடந்துவிடும்.

பதிவேட்டில் பிழை நேர்ந்தால் சுரண்டவோ, வெள்ளை மை பூசவோ வேண்டா. தவற்றின்மேல் ஒரு கோடிட்டு, சரியானதை அருகில் எழுதி, கையொப்பமும் திருத்திய தேதியும் இடுக. முன்தேதி இடுவது பிழையினும் பெரிய குற்றம்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குச் சில வினாக்கள்:

1. நம் ஊழியர் ஒவ்வொருவருக்கும் வயதுச் சான்றின் நகல் உள்ளதா?
2. அவர்கள் பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றாக உள்ளதா?
3. சேரும் நாளில் மூலப் பத்திரங்களைப் பார்வையிடும் பொறுப்பு யாருடையது?