எட்டு விழாக்கள்

கேள்வி: மேலைநாட்டு ‘விக்கா’ சூனியக்காரர்களுக்கும் பண்டிகைகள் உண்டாமே?

பதில்: ஆண்டுக்கு எட்டு உண்டு. செய்வினை, ஏவல் என்று பயந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1950-களில் ஜெரால்டு கார்ட்னர் பரப்பிய இந்த மதத்தில் இயற்கை வழிபாடுதான் முக்கியம். நான்கு விழாக்கள் சூரியனின் போக்கையொட்டி வருகின்றன. மற்றவை அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் பழைய பருவ விழாக்கள். அவற்றில் அக்டோபர் 31 இரவு வரும் ‘சௌவின்’ என் மனதைத் தொடுவது. மெழுகுவத்தி ஏற்றி, இறந்தவர் படத்தை வைத்து, அவருக்கென மேசையில் ஒரு தட்டில் உணவு பரிமாறிவிட்டு, மற்றவர்கள் வாய் திறக்காமல் சாப்பிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. மே மாதம் பிறக்கும்போது ‘பெல்டேன்’: தீ மூட்டித் தாண்டுவார்கள். இவர்களுக்குத் தேதியைவிடப் பருவமே பெரிது; அதனால் ஆஸ்திரேலியாவில் பலர் சௌவினை அங்கே இலையுதிர்காலமான ஏப்ரல் கடைசியில் கொண்டாடுகிறார்கள்.