கோணல் கோடும் கேட்காமல் போட்ட கோடும்

அன்புள்ள பிள்ளைக்கு,

பெல்ஜியத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இப்படியும் ஒரு நாடா என்று கேட்டிருந்தீர். கேட்க வேண்டிய கேள்விதான். நெதர்லாந்துக்கு உள்ளே பார்லே என்ற ஊரில் பெல்ஜியத்துக்குச் சொந்தமான 22 நிலத்துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குள்ளே மறுபடியும் நெதர்லாந்துத் துண்டுகள். எல்லைக்கோடு வீடுகளையும் கடைகளையும் ஊடறுத்துப் போகிறது. வீட்டின் முன்கதவு எந்த நாட்டு நிலத்தில் இருக்கிறதோ, வீடும் அந்த நாட்டுக்கு உரியது என்பது அங்குள்ள வழக்கம். ஒரே ஊருக்கு இரண்டு நகர முதல்வர்கள், இரண்டு சபைகள். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் சிரித்து முடித்ததும் நீர் இருக்கும் வன்னியின் வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பாரும்.

கிளிநொச்சி வன்னியின் நெஞ்சுப்பகுதி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் அது வன்னியில் இல்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும்தான். கிளிநொச்சியாரின் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படுகிறது. காரணம் சாதாரணமானது. 1984 பெப்ரவரி வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. அந்த ஆண்டு நிர்வாகக் கோடு நகர்ந்தது, தேர்தல் கோடு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இலங்கையில் நிர்வாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. அந்த மூன்றின் வித்தியாசம் முழுவதும் வடக்கில்தான் இருக்கிறது: இங்கே ஐந்து மாவட்டங்கள் இரண்டாகி வாக்களிக்கின்றன. மாகாண சபை என்று வந்தால் கணக்கு மறுபடியும் மாறும். 2013 தேர்தலில் கிளிநொச்சி தனி மாவட்டமாக நின்று 4 உறுப்பினர்களைத் தெரிவுசெய்தது. பளையின் கதை இன்னும் வேடிக்கை. பச்சிலைப்பள்ளி பிரதேச செயலகப் பிரிவு ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டு மண்ணில் இருக்கிறது. அதன் கச்சேரியோ ஆனையிறவைத் தாண்டிக் கிளிநொச்சியில். மாந்தையின் மேற்கு மன்னாருக்கு, கிழக்கு முல்லைத்தீவுக்கு. வவுனியாவில் பிரதேச சபைகளின் பெயரிலேயே மொழி ஏறியிருக்கிறது: வவுனியா தெற்கு தமிழ்ப் பிரதேச சபை, வவுனியா தெற்கு சிங்களப் பிரதேச சபை.

இந்தக் கோணல்களால்தான் சண்டை வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பார்லேயைவிடக் கோணலான எல்லை உலகில் அரிது. அங்கே எவரும் எவரையும் அடிக்கவில்லை. அதே பெல்ஜியத்தில் ஃபூரோன் என்ற ஆறு கிராமங்கள் இருக்கின்றன. 1963 இல் மொழி எல்லையை ஒழுங்குபடுத்துகிறோம் என்று அவற்றைப் பிரெஞ்சு மொழி பேசும் லியேஜ் மாகாணத்திலிருந்து எடுத்து, டச்சு மொழி பேசும் லிம்பர்க் மாகாணத்தோடு சேர்த்தார்கள். தலைநகரின் கணக்குக்கு அது பொருந்தியது. ஊரவரில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள், எவரும் கேட்கவில்லை. பின்னாளில் அங்கே நகர முதல்வரான ஜோசே ஹப்பார் டச்சு மொழியறிவை நிரூபிக்க மறுத்தார். அந்தப் பிணக்கு முற்றி 1987 இல் நாட்டின் அரசாங்கமே கவிழ்ந்தது. சில ஆயிரம் பேர் வாழும் கிராமங்கள் அவை!

மணலாற்றையும் இந்தக் கண்ணோடு பாரும். மணலாற்றின் சிங்களப் பெயரைத் தாங்கிய வெலிஓயா இன்று முல்லைத்தீவின் ஆறு பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்று. வரைபடத்தில் அதில் ஒரு கோணலும் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் வந்த வழி வேறு. 1984 நவம்பர் 30 அன்று கென்ற், டொலர் பண்ணைகளில் குடியமர்த்தப்பட்டிருந்த சிங்களக் குடும்பங்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள். அடுத்த மாதம் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டன. ஊர்கள் வெறுமையாகக் கிடந்தபோது, 1988 இல் அப்பகுதி மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ‘எல்’ வலயமாகியது. போர் முடிந்து திரும்பிய கமக்காரர்கள், தங்கள் வயல்களுக்கு வேறு ஆட்களிடம் மகாவலி அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று இன்றும் முறையிட்டு வருகிறார்கள். துப்பாக்கிகளுக்கு நடுவே கொண்டுவந்து இருத்தப்பட்ட ஏழைச் சிங்களக் கமக்காரரையும் எவரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

கோடு எப்படிப் போனால் என்ன, அலுவல் நடந்தால் போதாதா என்று நீர் கேட்கக்கூடும். பளைக்கு அது போதும். அங்கே கோட்டின் விலை ஒரு பஸ் பயணம். கொக்குத்தொடுவாயில் வயலுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது யார் என்பதையே கோடு தீர்மானிக்கிறது. அங்கே அந்தப் பதில் செல்லாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தால் முடிவே வராது, எந்த மொழிக்காரர் கூடுதலோ அந்தப் பக்கம் சேர்த்துவிட்டால் நீதியாகாதா? பெல்ஜியம் அதையும் செய்து பார்த்தது. 1947 குடிசன மதிப்பில் மொழியைக் கேட்டார்கள். எழுந்த சர்ச்சையில் மொழிக் கணக்கு 1954 இல்தான் வெளிவந்தது. 1961 இல் சட்டம் போட்டு அந்தக் கேள்வியையே நிறுத்தினார்கள். தலை எண்ணிக் கோடு போட்டால், தலைகளைக் கூட்டுவதே அரசியலாகிவிடும். எங்கள் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, 1988 இன் 16ஆவது திருத்தத்தோடு, ஒரு பிரிவிலுள்ள மொழிச் சிறுபான்மையின் விகிதத்தைப் பார்த்து இரு மொழிகளையும் நிர்வாக மொழிகளாக்க இடம் தருகிறது. நல்ல ஏற்பாடு. வவுனியா தெற்கின் சிங்களவர் தம் மொழியில் கடிதம் எழுதிப் பதில் பெறட்டும், நுவரெலியாத் தமிழர் தம் மொழியில் பெறுவதுபோல. ஆனால் அரசே ஆட்களைக் குடியேற்றும் இடத்தில் விகிதத்தை மட்டும் அளவுகோலாக்கினால் குடியேற்றத்துக்குப் பரிசு கொடுத்தது போலாகும். அங்கே ஊரவரைக் கேட்பதற்கு மாற்று இல்லை, எவ்வளவு காலம் பிடித்தாலும்.

கோடு போடும் கதை இன்னும் முடிந்துவிடவும் இல்லை. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றித் தொகுதிகளைப் புதிதாக வரையச் சொன்னார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தது. இதை எழுதும் நாள்வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. இனி ஒரு எல்லை நிர்ணய ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கோரினால், உமது ஊர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், ஏன் என்பதை எழுதி அனுப்பும். வயது போதாது என்று இருந்துவிட வேண்டாம். வீட்டிலுள்ள பெரியவர்களின் கையெழுத்தோடு அனுப்பலாம்.

அன்புடன்,
உமது ஆசிரியர்