கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

தூத்துக்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

சி.எஃப்.எஸ். என்கிற கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் கான்ட்ராக்டர் மூலமாக வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, நியமனக் கடிதம் இன்னும் கையில் வரவில்லை, கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று போனில் தயங்கினாய். முப்பது வருஷம் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை ஒன்று. ஹார்வி சகோதரர்களின் கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலியைக் கூட்டு, வாரம் ஒரு நாள் ஓய்வு கொடு, மற்ற விடுமுறையும் கொடு என்று கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஊர் திரண்டு பின்னால் நின்றது. மில் பக்கம் பேசிய வக்கீல் ஒருவருக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிவிட்டார் என்று இன்றும் சொல்வார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வார ஓய்வு 1908-இல் பிறந்த உரிமை அல்ல. 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அதை எழுதி வைத்திருந்தது. பதினேழு வருஷம் கழித்தும் நம்ம ஊர்க்காரர்கள் அதைப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. சட்டம் தானாக ஆலை வாசலுக்கு நடந்து வராது, மருமகனே. யாராவது போய்க் கேட்க வேண்டும்.

அப்போது கேட்பது ஆபத்தான வேலை. வேலைநிறுத்தம் முடிந்த சில நாளில், மார்ச் 12 அன்று, ராஜதுரோகக் குற்றச்சாட்டில் வ.உ.சி. கைதானார். தொழிற்சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு 1926-இல்தான் வந்தது. நீ கேட்கப்போவது ஒரு காகிதம். அதற்குச் சட்டம் உன் பக்கம் நிற்கிறது.

2025 நவம்பர் 21 முதல், பழைய 29 சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றின்படி நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. அது ஏன் முக்கியம் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கன்டெய்னர் கதவில் ஒருவருக்கு விரல் நசுங்கியது. அன்று அவர் வேலையில் இருந்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கூட நின்றவர்கள் சாட்சி சொல்லப் பயந்தார்கள். விரலும் போயிற்று, இழப்பீடும் போயிற்று.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கு. அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பிடித்தால், பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று பார். பொதுவாக பி.எஃப்.புக்கு உன் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கும் 12. இ.எஸ்.ஐ.க்கு உன் பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25. யு.ஏ.என். எண் இருந்தால் பி.எஃப். கணக்கைச் செல்போனிலேயே பார்க்கலாம். ஓவர்டைமுக்கு உன் சம்மதம் வேண்டும், கூலி இரண்டு மடங்கு. கான்ட்ராக்டர் சம்பளம் தராமல் கைவிரித்தால், வேலை வாங்கிய நிறுவனம் கொடுத்தாக வேண்டும். பாக்கியைக் கேட்டு மனுப்போட மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு. எந்தக் காகிதமானாலும் தொகை எழுதாத இடத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதே.

பணிக்கொடை ஐந்து வருஷ வேலைக்குப் பிறகு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் வரும். குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தம் போட்டு எடுத்திருந்தால் ஒரு வருஷம் போதும். உன் நியமனக் கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். அதற்காகவும்தான் அந்தக் கடிதம் வேண்டும்.

இனி உன் பக்கம். முத்துக்குளிக்க இறங்குகிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். தன் தங்கையின் தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை விடமாட்டான் அல்லவா? 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை, சொல் மட்டும் நிற்கிறது. மேலே இருப்பவன் கயிற்றை விடக் கூடாது. கீழே போனவனும் மூச்சு முட்டுமுன் கயிற்றை அசைத்துச் சொல்ல வேண்டும். ஹெல்மெட் கொடுத்தால் போடு. கிரேனின் வடம் தேய்ந்திருந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல். பாதுகாப்புக் கருவியைக் கழற்றிவைத்து வேலை பார்க்காதே. இவையெல்லாம் சட்டம் தொழிலாளிக்கு வைத்திருக்கும் கடமைகள். திடீரென்று வேலைநிறுத்தம் செய்யவும் கூடாது, 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான்.

தப்பாக நினைப்பார்களா என்று கேட்டாயே. ஒழுங்காகக் கணக்கு வைக்கிற முதலாளி நினைக்கமாட்டார். பட்டியலும் ரசீதும் சரியாக இருந்தால் வழக்கு வந்தாலும் அவருக்குத் தூக்கம் கெடாது. கணக்கு எழுதும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். காகிதம் கேட்டதற்கே முகம் சுளிக்கிறவர் யார் என்பதை மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துகொள்வதும் உனக்கு நல்லதுதான்.

திங்கட்கிழமை போய் மரியாதையாகக் கேள். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் எழுதிக் கொடு, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வா. வரும்போது அந்த நியமனக் கடிதத்தின் நகல் உன் பையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா