ராஸ்பெர்ரி பை பழகுபவர்களுக்கு

ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டில் இயங்கும். ராஸ்பெர்ரி பை போர்டின் பின்கள் தாங்குவதோ 3.3 வோல்ட்தான். இதைக் கவனிக்காமல் வயரை மாட்டினால் போர்டே பழுதாகலாம். தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்க்கப் பலரும் வாங்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 சென்சாரின் எக்கோ பின்னிலிருந்து 5 வோல்ட் வரும். எக்கோவுக்கும் போர்டின் பின்னுக்கும் நடுவே 1 கிலோஓம் ரெசிஸ்டர், அதே பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் ரெசிஸ்டர் வையுங்கள். மின்னழுத்தம் சுமார் 3.3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். சில ரூபாய்ச் செலவுதான், தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

மோட்டாரைப் பின்னில் நேரடியாக இணைக்கவே கூடாது. டிரைவர் போர்டு வேண்டும். வயர் மாற்றும்போது மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். ராஸ்பெர்ரி பையை முறையாக ஷட்டவுன் செய்யாமல் பிளக்கைப் பிடுங்கினால் மெமரி கார்டில் இருப்பவை கெட்டுப்போகலாம். பச்சை விளக்கு சிமிட்டி ஓய்ந்த பிறகே பிளக்கை எடுங்கள்.